சாயாமா பதில்கள்: மெழுகுவர்த்தி, சுண்ணாம்பு டப்பா, குளத்துத் தண்ணீர்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் வேதியியல்தான். பரீட்சை நெருங்குகிறது, புரிகிறது. பாடப் புத்தகம் இங்கிலீஷில், வாத்தியார் விளக்குவது பர்மியத்தில், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சந்தேகம் கேட்பது தமிழில். மூன்று மொழியிலும் மனப்பாடம் செய்துவிட்டு ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளைச் சாயாமாவாக, அதாவது டீச்சராக, முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். அதனால் இந்த முறை பதில்களில் அடுப்படிச் சாமான்கள் அதிகம் வரும். அம்மாக்கள் மன்னிக்கவும்.

சாயாமா, மாதிரித் தேர்வில் 'மெழுகுவர்த்தி எரிவது பௌதிக மாற்றமா, வேதி மாற்றமா' என்று கேட்டார்கள். நான் 'இரண்டும்' என்று எழுதினேன். டியூஷன் சார் அதை அடித்துவிட்டு 'வேதி மாற்றம்' என்று எழுதிவிட்டார். என் பக்கம் நியாயம் இல்லையா?
— பத்தாம் வகுப்பு மாணவி, தாம்வே

நியாயம் உன் பக்கம்தான் கண்ணு. ஆனால் நீ ஒரே ஒரு சொல் எழுதிவிட்டு வந்திருப்பாய். காரணத்தையும் எழுதியிருந்தால் சார் அடித்திருக்க மாட்டார்.

இன்றைக்கு ராத்திரி கரண்ட் போகும். போனதும் புலம்பாமல் மெழுகுவர்த்தியை ஏற்றி எதிரே உட்கார். திரியைச் சுற்றிக் குளம் மாதிரி உருகி நிற்கிறதே, அதில் ஒரு சொட்டைத் தட்டில் விடு. ஆறினதும் பழைய மெழுகுதான். உருகுவதும் உறைவதும் பௌதிக மாற்றம். அது சரி, எரிவது எது? திரியா? திரி மட்டும் எரிந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்து போகும். உருகின மெழுகா? அந்தக் குளத்தில் தீக்குச்சியைக் காட்டிப் பார், குளம் பற்றிக்கொள்ளாது. உருகின மெழுகு திரியில் ஏறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணை. வெள்ளையாக ஒரு புகை இழை கிளம்பும். திரியைத் தொடாமல், அதற்கு இரண்டு விரல்கடை மேலே, அந்த இழையில் எரிகிற தீக்குச்சியைக் காட்டு. நெருப்பு இழை வழியாகக் கீழே குதித்துத் திரியைப் பற்றும். அந்த இழை வேறொன்றுமில்லை, எரியாமல் தப்பித்த மெழுகு ஆவி குளிர்ந்தது. என் மாணவர்கள் இதைப் பத்து முறை செய்துவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்கு வருவார்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது செய்.

இப்போது ஒரு சில்வர் டம்ளரைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடி. உள்ளே மூட்டம் போடும். தொட்டுப் பார், ஈரம். மெழுகில் தண்ணீர் ஏது? மெழுகு என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது, கார்பன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. புதுப் பொருள் பிறந்துவிட்டது, இனி ஆற வைத்தாலும் மெழுகு திரும்பாது. இது வேதி மாற்றம். சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு ஸ்பூனைக் காட்டினால் கரி பிடிக்கும். எரிந்து முடிக்க நேரம் கிடைக்காத கார்பன் அது.

ஆக, உருகுவதும் ஆவியாவதும் பௌதிகம், எரிவது வேதி. இந்த ஒரு வரியைச் சாரிடம் மரியாதையாகக் காட்டு. சண்டை வேண்டாம்.

இங்கே ஒரு சொந்தக் கதை. என் தாத்தா சிரியம் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். இன்றைக்குத் தன்லியின் என்கிறோம், அவர் கடைசி வரை சிரியம் என்றுதான் சொன்னார். யேனான்ஜவுங் கிணறுகளிலிருந்து வந்த கச்சா எண்ணெயைக் காய்ச்சி, எது எந்தச் சூட்டில் ஆவியாகிறதோ அதை அந்தந்த உயரத்தில் குளிர வைத்துப் பிடிப்பார்கள். லேசானது பெட்ரோல், அடுத்தது மண்ணெண்ணெய், அதற்கும் கனமானது டீசல். உங்கள் புத்தகத்தில் பின்னக் காய்ச்சி வடித்தல் என்று ஒரு படம் இருக்கும், அதே கோபுரம்தான். கனமான எண்ணெயை நன்றாகக் குளிர வைத்தால் மெழுகு உறைந்து நிற்கும், அதைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பிரிப்பார்கள். மெழுகுவர்த்தி வந்த வழி அது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்களே ஆலையைத் தகர்த்துவிட்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் புகையைப் பார்த்ததாகத் தாத்தா சொல்வார். வீட்டில் விளக்கு ஏற்றும்போதெல்லாம் அந்தப் பேச்சு வரும், சாப்பாடு ஆறிப் போகும்.

மகளே, என் சுண்ணாம்பு டப்பாவில் நாலு நாளில் மேலே ஏடு கட்டிவிடுகிறது. தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் கரைவதில்லை. வெற்றிலையில் தடவினால் காரமும் இல்லை, பல்லில் நறநற என்கிறது. வெற்றிலை பாக்கு விற்கிற கூன்யா கடைக்காரன் மாவு கலந்து ஏமாற்றுகிறானா?
— ஒரு பாட்டி, மோல்மேன்

கடைக்காரரைத் திட்டிவிட்டீர்களா பாட்டி? திட்டியிருந்தால் போய்ச் சமாதானம் சொல்லிவிடுங்கள். குற்றவாளி காற்று.

உங்கள் ஊரிலிருந்து ஃபா-ஆன் போகிற வழியில் தனித்தனியாக எழுந்து நிற்கிறதே மலைகள், சுவேகபின் மாதிரி, அவையெல்லாம் சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லைச் சூளையில் போட்டு 900 டிகிரி வாக்கில் சுட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். 100 கிராம் கல்லில் 44 கிராம் வாயுவாகப் போய்விடும், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதன்மேல் தண்ணீர் விட்டால் சீறும், கொதிக்கும், கல் பிளந்து மாவாகும். சின்ன வயதில் நீங்களே நீற்றியிருப்பீர்கள். அந்த 56 கிராம், 18 கிராம் தண்ணீரைத் தனக்குள் எடுத்துக்கொண்டு 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. டப்பாவில் இருப்பது இதுதான், இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் குழைத்தது.

டப்பாவை மூடாமல் வைத்தால், சூளையில் ஓட்டிவிட்ட அந்த வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்பப் பிடித்துக்கொள்கிறது. 74 கிராமும் 44 கிராமும் சேர்ந்தால் 100 கிராம் கல், 18 கிராம் தண்ணீர் வெளியே. கணக்கு ஒரு கிராம் பிசகாது. நீங்கள் ஏடு என்கிறீர்களே, அது மலையில் இருந்த அதே கல், மெல்லிய தகடாக உங்கள் டப்பாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கல்லுக்கு ஏது காரம்? நறநறதான்.

சந்தேகமிருந்தால் அந்த ஏட்டை எடுத்துக் கழுவி, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைக்கும். அடியில் இருக்கிற புதுச் சுண்ணாம்பில் விட்டால் நுரைக்காது. இறுக்கமான மூடியும், மேலே ஒரு விரல் தண்ணீரும் இருந்தால் டப்பா பல நாள் தாங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மூச்சுக் காற்றை ஊதினால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் சுண்ணாம்புத் தெளிநீர் பால் போலாகும் என்று வகுப்பில் பெரிதாகச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தேன். ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஊதினேன். தலை சுற்றியதுதான் மிச்சம். பின் பெஞ்சில் சிரிப்பு. அந்தப் பாட்டிலை யாரோ எத்தனையோ மாதத்துக்கு முன்பு திறந்து, சரியாக மூடாமல் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்த சுண்ணாம்பெல்லாம் எப்போதோ கல்லாகி அடியில் படிந்துவிட்டது, மேலே நின்றது வெறும் தண்ணீர். மறுநாள் வாசல் கூன்யா கடையில் ஒரு பொட்டலம் சுண்ணாம்பு வாங்கி, தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் இறுத்து எடுத்துப் போனேன். நாலு ஊதலில் பால். அன்றிலிருந்து என் ஆய்வுக்கூடத்துக்குச் சப்ளை கூன்யா கடைதான்.

(தாம்வே மாணவியே, உனக்கும் இது உதவும். சுடருக்கு மேலே கவிழ்த்த டம்ளரைத் தட்டால் மூடி நிமிர்த்தி, இந்தத் தெளிநீர் கொஞ்சம் விட்டுக் குலுக்கு. வெள்ளையாகும். சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது, தெளிநீரை வாயில் உறிஞ்சவும் கூடாது.)

பாட்டி, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புகையிலை போடாவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுக்குக் காரணம் என்று மருத்துவ ஆராய்ச்சியில் உறுதியாகிவிட்டது. இந்த வயதில் உங்களைத் திருத்த நான் யார், பேரப்பிள்ளைக்கு மடித்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அக்கா, ஏப்ரல் வந்தால் எங்களுக்குக் குளத்துத் தண்ணீர்தான். நாலு மடிப்புத் துணியில் வடிகட்டினாலும் கலங்கலாகவே இருக்கிறது. மாமியார் படிகாரம் போடச் சொல்கிறார். பையன் 'அது கெமிக்கல், உடம்புக்குக் கெடுதல்' என்கிறான். யார் சொல்வது சரி?
— இல்லத்தரசி, டல்லா

மாமியார் சொல்வது சரி. இப்படி எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

துணி ஏன் தோற்றுப் போகிறது என்று முதலில் பாருங்கள். எதையும் பிரிக்க வேண்டுமானால், கலந்திருக்கிற இரண்டுக்கும் எதில் வித்தியாசம் என்று தேட வேண்டும். அரிசியும் கல்லும் என்றால் கனத்தில், தேயிலையும் தேநீரும் என்றால் அளவில். உங்கள் துணி அளவைப் பார்த்துப் பிரிக்கிறது. குளத்துக் களிமண் துகளோ ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்குகூட இருக்காது. நூலுக்கு நடுவே ஊர்வலமாகப் போகும். சரி, கனத்தைப் பார்த்துப் பிரிக்கலாம், ராத்திரி முழுக்க வைத்தால் படியாதா? பெரிய மண் படியும், பொடி படியாது. காரணம், அந்தத் துகள் ஒவ்வொன்றின்மேலும் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒரே சுமை உள்ளவை ஒன்றை ஒன்று தள்ளும். சேராது, சேராததால் பெரிதாகாது, பெரிதாகாததால் இறங்காது. பேசாத ஓரகத்திகள் மாதிரி நடுவீட்டில் அலைந்துகொண்டே இருக்கும்.

படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அது நேர்மின்சுமையோடு நிற்கும். களிமண்ணின் சுமையைத் தணித்து, தானும் பஞ்சு போன்ற ஒரு கூழாகி, துகள்களை வாரிக் கட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும். துகளைப் பிடிக்கத் துணியைச் சின்னதாக்க முடியவில்லை, அதனால் துகளைப் பெரிதாக்குகிறோம். மாமியாருக்கு அலுமினியம் தெரியாது, வேலை தெரியும். பர்மியர்கள் இதைக் கியவுக்சின் என்கிறார்கள், புளிப்புக் கல் என்று பொருள். நக்கிப் பார்த்தவர்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

கட்டியாகவே வாங்குங்கள். வாளித் தண்ணீருக்குள் கட்டியைப் பிடித்து நாலைந்து சுற்றுச் சுற்றி எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் அகப்பையால் மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல ஐந்து பத்து நிமிடம். இந்த மெதுவான கலக்கல்தான் முக்கியம். வெள்ளைத் துணுக்குகள் தென்படும், ஒன்றோடொன்று முட்டி வளரும். அப்போது நிறுத்திவிட்டு வாளியை அசைக்காமல் வையுங்கள். தெளிந்ததும் மேல்நீரை மொண்டு எடுங்கள், அடியைத் தொடாதீர்கள்.

அளவு மீறக் கூடாது. புதுப் பெண்ணாக வந்த வருடம், நிறையப் போட்டால் சீக்கிரம் தெளியும் என்று நினைத்து எலுமிச்சை அளவுக் கட்டியை வாளியிலேயே போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அந்தத் தண்ணீரில் தேநீர். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "டீயிலே பாக்கு ஊறப் போட்டியாம்மா?" என்றார். அவ்வளவு துவர்ப்பு.

பையனுக்கும் ஒரு பதில். கெமிக்கல் இல்லாத பொருள் உலகில் கிடையாது. குளத்துத் தண்ணீரும் கெமிக்கல்தான், அதிலிருக்கிற மண்ணும் அப்படியே. ஆனால் அவன் சந்தேகப்படுவது நல்ல குணம், அதை வேறு பக்கம் திருப்புங்கள். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. படிகாரம் கொஞ்சத்தை இழுத்துப் போகும், மிச்சம் நிற்கும். கொப்பளித்துக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு ஆற வைத்துக் குடியுங்கள். தெளிய வைக்காமல் கலங்கலைக் கொதிக்க வைத்துப் பயனில்லையா என்றால், கிருமி சாகும், சேறு அப்படியே இருக்கும்.

படிகாரம் கிடைக்காவிட்டால் முற்றிக் காய்ந்த முருங்கை விதை. தோலுரித்து இடித்துக் கலக்கினால் அதிலுள்ள புரதம் இதே வேலையைச் செய்யும். நம் முன்னோர் பானையின் உட்புறம் தேய்த்த தேற்றாங்கொட்டையும் இதே கட்சிதான். ஆனால் விதை போட்ட தண்ணீர் சீக்கிரம் கெடும், அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும்.

டீச்சர், தங்கச்சி சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டாள். அம்மா வருவதற்குள் பிரிக்க முடியுமா?
— ஏழாம் வகுப்பு மாணவன், பகோ

அம்மா எத்தனை மணிக்கு வருகிறார்?

இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடி, இரண்டும் தண்ணீரில் கரையும். சாதாரண வித்தியாசமெல்லாம் போச்சு. ஒன்று மிச்சம் இருக்கிறது. 100 கிராம் தண்ணீரில் உப்பு 36 கிராம்தான் கரையும், கொதிக்க வைத்தாலும் 39 கிராம் தாண்டாது. சர்க்கரையோ சாதாரணச் சூட்டில் 200 கிராம், கொதிநீரில் 480க்கும் மேல். ஆலைகளில் சர்க்கரையைப் படிகமாக்குகிறவர்கள் இதை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். ஆனால் உன் அடுப்படியில் முயன்றால் உப்புப் பாகுதான் கிடைக்கும், பாத்திரம் வேறு அடிப்பிடிக்கும்.

அதனால் பிரிக்காதே, பயன்படுத்து. கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்குகிற கரைசல் இதே இரண்டு சாமான்தான். அந்த விகிதம் உன் டப்பாவில் இருக்காது, உப்பு எவ்வளவு விழுந்ததென்று யாருக்குத் தெரியும், எனவே நோயாளிக்கு அதைக் கொடுத்துவிடாதே. எலுமிச்சை பிழிந்து நல்ல சர்க்கரையும் சேர்த்து வெயிலுக்குக் குடித்துத் தீர்க்கலாம். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி ஏன் ஒழுகுகிறது?
— வாசகி, மிங்கலா டவுன்ஞுன்ட்

சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்த்துப் போகும். நம் ஜூலை மாதத்தில் அது தாண்டாத நாள் ஏது? போதாததற்கு, மோன் கரையோரப் பாத்திகளிலிருந்து வருகிற கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். கடல்நீர் வற்றும்போது சாப்பாட்டு உப்பு முதலில் படிகமாகும், மெக்னீசியம் உப்பு கடைசிக் கசப்பு நீரில் தங்கும். அந்த நீரைச் சரியாக வடிக்காமல் அள்ளினால் அதுவும் கூடவே வரும். அது 33 சதவீத ஈரத்திலேயே காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கிற ஆசாமி. உப்பை வெறும் சட்டியில் வறுத்து, ஆறினதும் இறுக மூடுங்கள். அரிசி போட்டு வைக்கிற வழக்கமும் நல்லதுதான், ஆனால் அரிசியும் ஒரு கட்டத்தில் குடித்து நிறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

மேடம், என் மச்சான் ஆற்று மணலில் பாதரசம் விட்டுத் தங்கம் எடுக்கிறான். வீட்டுக்குக் கொண்டு வந்து சட்டியில் காய்ச்சலாம் என்கிறான். முறை என்ன?
— வாசகர், மண்டலே

முறை சொல்ல மாட்டேன். ஏன் என்று மட்டும் சொல்கிறேன். பாதரசம் தங்கத்தைத் தன்னோடு கலந்துகொள்ளும், மணலைத் தொடாது. பிறகு சூடாக்கினால் 357 டிகிரியில் பாதரசம் கொதித்து ஆவியாகும், தங்கம் நிற்கும். பிரித்தல் என்று பார்த்தால் அழகான வேலைதான். ஆனால் அந்த ஆவி எங்கே போகும்? மச்சான் நெஞ்சுக்குள், உங்கள் தங்கை நெஞ்சுக்குள், தொட்டிலில் கிடக்கிற குழந்தை நெஞ்சுக்குள். மணமில்லை, நிறமில்லை, இருமல்கூட உடனே வராது. நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடித்த பிறகுதான் தெரியும். மிச்சம் சுவரிலும் தட்டிலும் படியும். சமையல் சட்டியைக் கையில் எடுக்கவே விடாதீர்கள்.

தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்கு சொச்சம். தட்டில் வைத்துச் சுழற்றி அலசினால் மணல் போய்விடும், தங்கம் நிற்கும். மெதுவான வேலை. மச்சானுக்குப் பொறுமை இல்லையென்றால் வேறு தொழில் பார்க்கட்டும்.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
— மாணவன், இன்செயின்

மீன் குழம்பில் அரிசிச் சேமியா போட்ட நம் மொஹிங்கா கலவை. வாழைத்தண்டை ஒதுக்கி வைக்கலாம், குழம்பைக் கூட்டலாம், ஒவ்வொரு கடையிலும் ஒரு விகிதம், எல்லாம் மொஹிங்காதான். தண்ணீர் சேர்மம். 2 கிராம் ஹைட்ரஜனுக்கு 16 கிராம் ஆக்சிஜன், மண்டலேயிலும் அதேதான் மோல்மேனிலும் அதேதான். ஆக்சிஜனைத் தனியாகப் பொறுக்கி எடுக்க எந்தத் துணியாலும் முடியாது.

சாயாமா, நீங்கள் வெற்றிலை போடுவீர்களா?
— பெயர் போடாத வாசகர், ரங்கூன்

வீட்டில் சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. ஆய்வுக்கு.